கடல் கடக்க ஆள் சேர்த்த கதை

1492-ஆம் ஆண்டு கொலம்பஸ் மேற்குக் கடலைக் கடந்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் தனி ஒருவராய் எவரும் பாய்மரக் கப்பலை ஓட்டிவிட முடியாது. பாய் ஏற்றவும், சுக்கான் பிடிக்கவும், கப்பலுக்குள் புகும் நீரை இறைக்கவும் ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எவ்வாறு சேர்ந்தார்கள் என்பதைப் பலரும் கேட்பதில்லை. அரச கட்டளை கையில் இருந்தும் ஆள் கிடைக்காமல் கொலம்பஸ் தவித்த வாரங்களின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

கோவிலில் வாசித்த கட்டளை

ஸ்பெயின் நாட்டின் தென்மேற்குக் கரையில் பாலோஸ் என்னும் சிறிய துறைமுக ஊர் உள்ளது. அங்குள்ள புனித ஜார்ஜியார் ஆலயத்தில் 1492 மே 23 அன்று, ஊரார் முன்னிலையில் அரசர் பெர்டினாந்து, அரசி இசபெல்லா ஆகியோரின் கட்டளை வாசிக்கப்பட்டது. முன்பு செய்த ஒரு குற்றத்திற்குத் தண்டனையாக, அவ்வூரார் 2 கப்பல்களை 12 மாத காலத்திற்குத் தங்கள் செலவில் அரசுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர். அவற்றை 10 நாட்களுக்குள் ஆயத்தம் செய்து கொலம்பஸிடம் ஒப்படைக்க வேண்டும். மாலுமிகளுக்கு 4 மாதச் சம்பளம் முன்பணமாகக் கிடைக்கும் என்பதே அக்கட்டளை.

கீழ்ப்படிவதாக ஊர்ப் பெரியோர் சொன்னார்கள். ஆனால் மாலுமிகள் முன்வரவில்லை. உலகம் தட்டையானது, விளிம்பில் விழுந்துவிடுவோம் என்று அவர்கள் அஞ்சியதாகச் சொல்வது பிற்காலக் கட்டுக்கதை. கரை எத்தனை நாளில் வரும்? அதுவரை தண்ணீரும் உணவும் போதுமா? திரும்பி வரக் காற்று கிடைக்குமா? கடலை அறிந்தவர்களின் நியாயமான அச்சம் இதுவே. அழைத்தவரோ ஜெனோவாவிலிருந்து வந்த அந்நியர்.

கப்பலேறும் குற்றவாளிகள் மீதுள்ள வழக்குகள் நிறுத்தி வைக்கப்படும் என்று இன்னொரு கட்டளையும் வந்தது. அதை நம்பி வந்தவர்கள் 4 பேர் மட்டுமே. சண்டையில் ஒருவனைக் கொன்றுவிட்ட ஒருவரும், அவரைச் சிறையிலிருந்து தப்புவிக்க முயன்ற நண்பர் மூவருமே அவர்கள். கொலம்பஸின் கப்பல்கள் கைதிகளால் நிரம்பியிருந்தன என்பது பொய்.

ஊரார் நம்பிய மனிதர்

ஊருக்கு அருகே லா ராபிதா என்னும் பிரான்சிஸ்கன் மடம் இருந்தது. கொலம்பஸுக்காக அரசியிடம் பரிந்து பேசியவர் அம்மடத்துத் துறவி சுவாமி ஹுவான் பெரெஸ். ஆயினும் ஆள் சேர்த்துக் கொடுத்தவர் மார்ட்டின் அலோன்சோ பின்சோன் என்னும் உள்ளூர்க் கப்பலோட்டி. அவருடைய திறமையை ஊரே அறியும். தாமும் போவதாக அவர் அறிவித்தார். தம் தம்பியர் இருவரையும் சேர்த்துக்கொண்டார். அதன்பின் மாலுமிகள் பெயர் கொடுத்தனர் என்று பிற்காலத்து வழக்குகளில் பலர் சாட்சி கூறினார்கள். பக்கத்து ஊரான மொகேரிலிருந்து நீன்யோ குடும்பத்தாரும் வந்தனர். உறவினரும் அண்டை வீட்டாருமாக ஏறக்குறைய 90 பேர் சேர்ந்தனர். தேர்ந்த மாலுமிக்கு மாதம் 1000 மரவேதி என்னும் காசு சம்பளம், கப்பற்பையன்களுக்கு 666.

ஆகஸ்ட் 3 அன்று விடியுமுன் சாந்தா மரியா, பிந்தா, நீன்யா ஆகிய 3 கப்பல்களும் புறப்பட்டன. குருவானவர் எவரும் உடன் செல்லவில்லை. ஆயினும் கப்பலில் மாலைதோறும் நாம் கிருபை தயாபத்து மந்திரம் என்று சொல்லும் தேவமாதா செபத்தை அம்மாலுமிகள் தங்களுக்குத் தெரிந்த விதமாய்ப் பாடி வந்தார்கள்.

கட்டாயத்தால் வந்தவர்களின் மனம் எப்படி இருக்கும் என்பதும் விரைவில் தெரிந்தது. மூன்றாம் நாளே பிந்தாவின் சுக்கான் கழன்றது. விருப்பமின்றி வந்த அக்கப்பலின் உரிமையாளர் செய்த சதியோ என்று கொலம்பஸ் ஐயுற்றார். அக்டோபர் 10 அன்று மாலுமிகள் இனிப் பொறுக்க முடியாதென்று முறையிட்டார்கள். 12-ஆம் நாள் அதிகாலையில் கரை தெரிந்தது.

கேளாமல் ஏற்றப்பட்டவர்கள்

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் கொண்டாடி மகிழலாம். ஆனால் ஆள் சேர்த்தல் அங்கும் தொடர்ந்தது. வழிகாட்டவும் மொழி கற்கவும் என்று, அத்தீவு மக்களில் 7 பேரைக் கொலம்பஸ் பிடித்துக் கப்பலேற்றினார். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை, முன்பணமும் இல்லை. பாலோஸ் ஊராருக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கிறிஸ்து பிறப்பு இரவில் சாந்தா மரியா தரைதட்டி உடைந்தது. கப்பலில் இடமின்றி 39 பேர் அங்கேயே விடப்பட்டனர். 1493 நவம்பரில் கொலம்பஸ் மீண்டும் வந்தபோது அவர்களில் ஒருவரும் உயிரோடில்லை. பொன்னுக்காகவும் பெண்களுக்காகவும் அவர்கள் செய்த அக்கிரமத்தால் தீவு மக்கள் அவர்களைக் கொன்றார்கள். பின்வந்த சில பத்தாண்டுகளில் கொள்ளைநோயாலும் அடிமை வேலையாலும் அத்தீவு மக்களும் பெரும்பாலும் அழிந்தனர்.

இப்பயணத்தின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருப்பது பர்த்தலோமே தே லாஸ் காஸாஸ் சுவாமியார் எழுதிவைத்த சுருக்கத்தால்தான். அந்த எளிய மக்களுக்காகப் பல்லாண்டுகள் வாதாடிய டொமினிக்கன் துறவி அவர்.

ஆணையால் வராத கால்கள், தம்மோடு தாமும் வருகிற ஒருவரின் சொல்லை நம்பி நடந்தன. அந்த நம்பிக்கையின் வலிமையைக் கண்டவர்களே மறு கரையில் பிறரது விருப்பத்தைக் கேட்க மறந்தார்கள். யாரை உடன் அழைத்தாலும் முதலில் சம்மதம் கேட்போம்.