புல்காரிலிருந்து கஸான் வரை

ஹனஃபி ஃபிக்ஹின் பெரிய கிதாபுகளை ஓதிய ஆலிம்களுக்குப் 'புல்கார்' என்னும் பெயர் புதிதன்று. தொழுகை நேரங்களைப் பற்றிய பாடத்தில் அது வரும். அந்திச் செம்மை மறையும் முன்பே வைகறை வெளுத்துவிடும் ஊரில் இஷாத் தொழுகையின் சட்டம் என்ன என்று ஃபுகஹாக்கள் அங்கே ஆராய்வர். அத்தகைய ஊருக்கு அவர்கள் காட்டும் உதாரணம் புல்கார். 'துர்ருல் முக்தார்' கிதாபில் இந்நிலை குளிர்காலத்து நாற்பது நாட்களில் ஏற்படும் என்று எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு விரிவுரை எழுதிய இப்னு ஆபிதீன் ஷாமீ (ரஹ்) அவர்கள், கோடைகாலம் என்பதே சரி என்று திருத்தியுள்ளார்கள். டமாஸ்கஸில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வூர் அத்துணைத் தொலைவு. ஓதும் மாணவர்களோ, மஸ்அலாவுக்காகப் புனையப்பட்ட ஊர் போலும் என்று எண்ணிக் கடந்துவிடுவதுண்டு.

அது மெய்யான ஊர். ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையில் அதன் இடிபாடுகள் இன்றும் உள்ளன. 2014இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் புல்கார் மக்களைத் தம் முன்னோராகப் போற்றும் தாத்தாரிய முஸ்லிம்களின் தலைநகரமே கஸான். சுமார் 13 லட்சம் மக்கள் வாழும் பெருநகரம். மாஸ்கோவில் இரவு ரயிலேறினால் காலையில் கஸானில் இறங்கலாம்.

ஹிஜ்ரி 310, முஹர்ரம் மாதம், அதாவது கி.பி. 922 மே மாதத்தில், அப்பாஸிய கலீஃபா முக்ததிர் அனுப்பிய தூதுக்குழு புல்கார் மன்னர் அல்மிஷின் கூடாரத்தை அடைந்தது. இஸ்லாத்தைக் கற்பிக்க ஆலிமையும், பள்ளிவாசலும் கோட்டையும் கட்டப் பொருளுதவியும் மன்னரே வேண்டியிருந்தார். குழுவில் சென்ற இப்னு ஃபள்லான் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். ஒரு மாலை, பாக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவருடன் கூடாரத்தில் பேசிக்கொண்டே இஷா பாங்கை எதிர்பார்த்திருந்தாராம். சற்று நேரத்தில் பாங்கு ஒலித்தது. வெளியே வந்து பார்த்தால் பொழுது விடிந்திருக்கிறது. முஅத்தினிடம் கேட்க, அது ஃபஜ்ருடைய பாங்கு என்றும், இஷாவை மஃக்ரிபுடனேயே தொழுதுவிடுகிறோம் என்றும் பதில் வந்தது. ஃபஜ்ர் தவறிவிடுமோ என்ற அச்சத்தில் ஒரு மாதமாகத் தாம் இரவில் உறங்கவில்லை என்றும் அந்த முஅத்தின் கூறினாராம். தூதுக்குழுவின் அரசியலை விட, பெயர் தெரியாத அந்த முஅத்தினே என் மனத்தில் நிற்கிறார்.

கஸானுக்கு வரும் சுற்றுலாப் பயணி முதலில் செல்வது கிரெம்ளின் எனப்படும் கோட்டைக்கு. வெண்கல் மதிலுக்குள் நீல நிறக் குவிமாடமும் உயர்ந்த மினாராக்களும் கொண்ட குல் ஷரீஃப் பள்ளிவாசல் கண்ணைப் பறிக்கும். பலரும் அதைப் பழைய பள்ளி என்றே எண்ணிப் படம் பிடிக்கின்றனர். அது 1996இல் தொடங்கி 2005இல் திறக்கப்பட்டது. அங்கிருந்த பழைய பள்ளியின் வடிவம் எவருக்கும் தெரியாது. 1552 அக்டோபரில் ஜார் மன்னன் நான்காம் இவானின் படை கஸானைக் கைப்பற்றியபோது, இமாம் குல் ஷரீஃப் தம் மாணவர்களுடன் போரிட்டு ஷஹீதானார். பள்ளியும் அழிந்தது. மாஸ்கோ செங்சதுக்கத்தில் வண்ணக் குமிழ்க் கோபுரங்களுடன் நிற்கும் புனித பசில் தேவாலயத்தைப் பார்க்காத பயணி இல்லை. அது இந்த வெற்றியின் நினைவாகக் கட்டப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே.

கோட்டைக்குள் சாய்ந்து நிற்கும் ஸுயும்பிகே கோபுரத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தன்னை மணக்க விரும்பிய ஜாரிடம் ஏழு நாட்களில் ஏழடுக்குக் கோபுரம் கேட்ட அரசி, அது முடிந்ததும் உச்சியிலிருந்து குதித்து மாண்டாள் என்பது அக்கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நகரம் வீழ்வதற்கு முந்திய ஆண்டான 1551இலேயே அரசி ஸுயும்பிகே தம் சிறு மகனுடன் மாஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டுவிட்டார் என்பதே வரலாறு.

வெற்றிக்குப் பின் முஸ்லிம்கள் கோட்டை நகரிலிருந்து வெளியேற்றப்பட்டு, புலாக் கால்வாய்க்கு அப்பால் கபான் ஏரிக்கரையில் குடியமர்ந்தனர். அதுவே பழைய தாத்தாரியக் குடியிருப்பு. 1740களில் கஸான் மாகாணத்தில் இருந்த 536 பள்ளிகளில் 418 இடிக்கப்பட்டதாகக் கணக்கு உண்டு. பின்னர் பேரரசி இரண்டாம் காத்தரின் காலத்தில் நிலை மாறியது. அவர் 1767இல் கஸானுக்கு நேரில் வந்தார். அவருடைய அனுமதியுடன் ஜமாஅத்தார் தம் பொருளைக் கொண்டு எழுப்பிய பள்ளி 1770இல் நிறைவுற்றது. 1552க்குப் பின் கஸானில் எழுந்த முதல் கற்பள்ளி அதுவே. மினாரா மிக உயரமாக இருக்கிறது என்று அதிகாரிகள் முறையிட்டபோது, பூமியில்தான் இடம் அளந்து தர இயலும், வானம் தம் ஆட்சிக்கு உட்பட்டதன்று என்று அவர் விடையளித்ததாக ஒரு செவிவழிச் செய்தியும் உண்டு.

கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் இந்தக் குடியிருப்புக்குச் செல்ல வேண்டும். பள்ளி இரண்டு அடுக்கு கொண்டது, தொழுமிடம் மாடியில். மினாரா கூரையின் நடுவிலிருந்து எழுகிறது. குல் ஷரீஃபின் பிரம்மாண்டம் இங்கு இல்லை. இதற்கு இன்று வழங்கும் பெயர் மர்ஜானி பள்ளி. புகாராவிலும் ஸமர்கந்திலும் ஓதித் திரும்பிய ஷிஹாபுத்தீன் மர்ஜானி (ரஹ்) (1818–1889) அவர்கள் 1850இல் இங்கு இமாமானார்கள். புல்கார், கஸான் மக்களின் வரலாற்றைத் தாத்தாரிய மொழியில் எழுதியவர்கள் அவர்களே. அதன் முதல் பாகம் 1885இல் கஸானில் அச்சானது.

அச்சு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. காத்தரினின் ஆணைப்படி 1787இல் பீட்டர்ஸ்பர்க்கில் குர்ஆன் ஷரீஃப் அச்சிடப்பட்டது. அந்த அரபி எழுத்துகள் பின்னர் கஸானுக்கு வந்தன. 1803 முதல் கஸான் அச்சுக் குர்ஆன்கள் உலகெங்கும் பரவின. புகழ்பெற்ற கெய்ரோ பதிப்பு வெளிவந்தது 1924இல்தான்.

அத்தகைய நகரத்தில், 1920களின் இறுதியில் தாத்தாரிய மொழியின் அரபி எழுத்து நீக்கப்பட்டு லத்தீன் எழுத்து புகுத்தப்பட்டது. 1939இல் அதுவும் போய் ரஷ்ய எழுத்து வந்தது. பாட்டனார் எழுதிய கிதாபைப் பேரன் படிக்க முடியாத நிலை பன்னிரண்டே ஆண்டுகளில் உண்டாயிற்று. பள்ளிகள் மூடப்பட்டன, மினாராக்கள் இறக்கப்பட்டன. மர்ஜானி பள்ளி மட்டும் பல பதிற்றாண்டுகள் கஸானில் தொழுகைக்குத் திறந்திருந்த ஒரே பள்ளியாக நின்றது. குல் ஷரீஃபை ஒன்பதாண்டுகளில் மீண்டும் கட்ட முடிந்தது. பொதுவாழ்வில் மார்க்கம் அடங்கியிருந்த அந்த ஆண்டுகளில் இங்கே ஸஃப்பில் வந்து நின்றவர்கள் இல்லாதிருந்தால், 2005இல் அங்கே யார் தொழுதிருப்பார்கள்?

அந்தப் பழைய மஸ்அலாவுக்கு வருவோம். செம்மை மறையாத ஊரில் இஷாவின் நேரமே வரவில்லையாதலால் அது கடமையாகாது என்று சில இமாம்கள் கூறியிருந்தனர். மர்ஜானி அவர்கள் அதை ஏற்கவில்லை. ஐவேளைத் தொழுகை எல்லா ஊராருக்கும் ஃபர்ளு, செம்மை மறையாவிட்டாலும் இஷா நீங்காது என்று நிறுவி, 'நாழூரத்துல் ஹக்' என்னும் அரபிக் கிதாபை 1870இல் கஸானில் வெளியிட்டார்கள். மற்றவர்கள் ஏட்டில் மட்டும் அறிந்த கேள்வி அது. அவர்களுக்கோ ஒவ்வொரு கோடையிலும் மிஹ்ராபில் நின்று எதிர்கொண்ட கேள்வி. ஜூன் மாதத்தில் கஸானில் சூரியன் காலை மூன்று மணியளவில் உதித்து, இரவு எட்டரையளவில் மறைகிறது. அந்நாட்களில் அங்கு செல்பவர் இஷாவின் நேரத்தை அப்பள்ளியின் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.