மடிப்புக்கோடுகள்

நிலக்காட்சி ஓவியத்துக்குச் சீன மொழியில் 'மலை-நீர்' என்றே பெயர். அந்த மலையையும் நீரையும் மடித்து, அங்கியின் அகன்ற கைப்பகுதிக்குள் செருகிக்கொண்டு நடக்க வழிசெய்தது மடக்கு விசிறி.

சீனர்களின் பழைய விசிறி காம்பு வைத்த வட்டப் பட்டு விசிறிதான். மடக்கு விசிறி சோங் காலத்தில் (960–1279) ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் அரும்பொருளாக வந்தது. மிங் காலத்தில் (1368–1644) கற்றவர்களின் கைகளில் பரவியது. சூஜோ நகரில் ஷென் ஜோவ் (1427–1509), அவர் மாணவர் வென் ஜெங்மிங் (1470–1559), வென்னின் நண்பர் டாங் யின் (1470–1524) ஆகியோர் அதில் மலை-நீர் வரைந்தார்கள். மேலே அகன்றும் கீழே குறுகியும் வளையும் பரப்பு. மை எளிதில் ஊறாத பொன்தாள். ஒரு மூலையில் கரையும் மரமும், எதிர்மூலையில் தொலைமலை, நடுவே வெறுமை. அந்த வெறுமைதான் நீர்.

பிரிவு, பிறந்தநாள், நன்றி என ஏதேனும் ஒன்றை முன்னிட்டு அது நண்பருக்குப் போய்ச் சேரும். பெறுபவரின் பெயரும் ஓவியத்திலேயே எழுதப்படுவதுண்டு. காசுக்கு வரைவது கற்றவருக்கு இழுக்கு என்பது அக்கால மதிப்பீடு. ஆனால் பரிசுக்கும் ஈடு எதிர்பார்க்கப்பட்டது. வென்னைப் பற்றி 2004இல் நூல் எழுதிய கிரெய்க் குளூனஸ், அதற்கு 'நயமான கடன்கள்' என்று பொருள்படும் தலைப்பை இட்டார். 1499ஆம் ஆண்டுத் தேர்வு ஊழல் வழக்கில் சிக்கி அரசுப் பதவிக்கான வழியை இழந்த டாங் யின்னுக்கோ ஓவியமே பிழைப்பாயிற்று. நட்புக்கும் கடனுக்கும் பிழைப்புக்கும் நடுவே அழுத்தமான கோடு கிழிக்க இயலாது.

இலையுதிர்காலம் வந்ததும் ஒதுக்கப்படும் விசிறி, கைவிடப்பட்டவளின் உருவகமாக ஹான் காலத்திலிருந்தே சீன மரபில் உண்டு. டாங் யின் அதையே ஓவியமாக்கினார். ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒதுக்கப்படுவதற்கென்றே பிறந்த பொருளில் நட்பை எழுதித் தந்தார்கள் என்பதை எண்ணினால் வியப்பாகத்தான் இருக்கிறது.

பின்னாளில் சேகரிப்பாளர்கள் மூங்கில் குச்சிகளை உருவி, தாளைச் சமன்செய்து ஆல்பங்களில் ஒட்டினார்கள். இன்று அருங்காட்சியகங்களில் நாம் காணும் மிங் கால விசிறி ஓவியங்களில் பெரும்பாலானவை இப்படிப் பிழைத்தவை. அவற்றுள் சிலவற்றில் மடிப்பே இல்லை. விசிறியாகாமல் ஏட்டுக்கென்றே வரையப்பட்டவை அவை. மற்றவற்றில் மலையையும் நீரையும் ஊடறுத்து நெடுங்கோடுகள் இறங்குகின்றன.

நாள்தோறும் விரித்து வீசப்பட்டவை நைந்து அழிந்திருக்கும். நண்பர் மிக விரும்பிய விசிறி நமக்குக் கிடைக்காமலே போயிருக்கக்கூடும். எஞ்சியவற்றில் அந்தக் கோடுகளைச் சிதைவென்று கருத எனக்கு மனம் வருவதில்லை. ஏதோவொரு கோடையில், பெயர் எழுதப்பட்ட அந்த மனிதர் அதை விரித்தார் என்பதற்கு அவையே சாட்சி.