மணிக்கட்டு வைத்தியம் வளர்ந்த கதை

மட்டாஞ்சேரியில் படகேறி அக்கரை சேர்ந்தால், எர்ணாகுளத்துப் பிராட்வே அங்காடித் தெருவுக்குப் போகலாம். பெயரில்தான் அகலம், தெருவோ குறுகலானது. மழைக்காலத்தில் அங்கே முதியவர் ஒருவர் கால் வழுக்கி விழுவதாகக் கொள்வோம். கை தானாகவே முன்னே நீளுகிறது. உடலின் பாரத்தை உள்ளங்கை தாங்குகிறது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு முறிகிறது. உற்றார் உறவினரை ஊரில் விட்டுவந்து வாழும் நமக்கு, ஒரு கை முடங்கினால் சோறு வடிப்பதும் சேலை உடுத்துவதும்கூடப் பெரும்பாடாகிவிடும்.

இத்துன்பத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதை எலும்பு முறிவை 12 வகையாகவும் மூட்டு விலகலை 6 வகையாகவும் பிரித்துரைக்கிறது; எலும்பை இழுத்து நேராக்கி, மூங்கிற்பத்தையும் மரப்பட்டையும் வைத்துக் கட்டும் முறையையும் கூறுகிறது.

கொச்சிக்கும் வைத்திய வரலாற்றில் ஓர் இடமுண்டு. டச்சுக்காரர் காலத்தில் இங்கே ஆட்சி புரிந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் முதலியோரின் துணைகொண்டு மலையாள நாட்டுச் செடிகொடிகளைத் தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற அந்நூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. நாம் துவையல் அரைக்கும் பிரண்டையும் அதில் இடம்பெற்றுள்ளது. எலும்பைக் கூட்டுவது என்ற பொருளில் வடமொழியாளர் அதற்குப் பெயரிட்டனர்.

மேல்நாட்டிலோ, இம்முறிவை மூட்டு விலகல் என்றே நெடுங்காலம் கருதிவந்தனர். 1814-இல் டப்ளின் நகர அறுவை வைத்தியர் ஆபிரகாம் காலிஸ், இது எலும்பு முறிவே என்று தெளிவாக எழுதினார். ராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டது 1895-இல். அதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, கையால் தொட்டுணர்ந்தே அவர் இம்முடிவுக்கு வந்தார். கோணல் நிலைத்துவிட்டாலும், நாளடைவில் கை தன் இயக்கத்தைத் திரும்பப் பெறும் என்றும் அவர் நம்பிக்கை கூறினார். 1852-இல் ஹாலந்து நாட்டுப் படை வைத்தியர் மத்தைசன், மாவுக்கட்டு முறையை வெளியிட்டார்.

பின்னர் 1941-இல் அமெரிக்க வைத்தியர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு தேய்வதை விளக்கினார். முதுமையில் சிறிய விழுதலும் எலும்பை முறிப்பது ஏன் என்பது இதனால் விளங்கியது.

ஆகவே, மணிக்கட்டு முறிவை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அதைப் புறக்கணித்தால், அடுத்த விழுதலில் இடுப்பெலும்பே முறியலாம். எலும்பின் உறுதியைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

கட்டு பெரும்பாலும் ஐந்தாறு வாரம் இருக்கும். அக்காலத்தில் கையை உயர்த்தி வைத்து, விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையும் தோளும் இறுகாமல் காக்க வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ தாமதியாமல் வைத்தியரை நாட வேண்டும். கட்டுப் பிரித்ததும் கை மெலிந்து விறைத்திருப்பது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பிடியின் வலிமை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். எலும்பைக் கூட்டுவது இயற்கை. கையை மீண்டும் பழக்குவது நம் பொறுப்பு.