டால்ஸ்டாய் பண்ணைப் பள்ளி (1910–1913)

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி நடத்திய சிறு பள்ளி இது. 1910 முதல் 1913ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இயங்கியது. இருபது முதல் முப்பது பிள்ளைகள் இதில் படித்தனர். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி பேசும் குடும்பங்களிலிருந்து வந்த இவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறித்தவர்கள் ஆகிய எல்லாரும் உண்டு. கைத்தொழிலையும் பொதுப்பணியையும் நடுவில் வைத்து காந்தி செய்த முதல் விரிவான கல்விச் சோதனை இதுவே எனலாம். பிற்காலத்து ஆதாரக் கல்வியின் வேர் இங்கே இருக்கிறது.

பின்னணி

இந்தப் பள்ளி ஒரு கல்விக் கொள்கையிலிருந்து பிறக்கவில்லை. பணத்தட்டுப்பாட்டிலிருந்து பிறந்தது.

டிரான்ஸ்வால் அரசு ஆசியர்கள் மீது திணித்த பதிவுச் சட்டத்தை எதிர்த்து இந்தியர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றார்கள். சிறை சென்றவரின் மனைவி மக்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டதால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் குடிவைத்து, ஒரே அடுப்பில் சமைத்து, உழைத்து வாழச் செய்தால் செலவு குறையும் என்று காந்தி கருதினார். அவருடைய நண்பரும் ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக், தாம் வாங்கிய சுமார் 1,100 ஏக்கர் நிலத்தை 1910 மே 30 அன்று வாடகையின்றி இதற்குக் கொடுத்தார். அங்கே சுமார் ஆயிரம் பழமரங்களும் மலையடிவாரத்தில் ஒரு சிறு வீடும் இருந்தன. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் பெயர் பண்ணைக்குச் சூட்டப்பட்டது. பண்ணை அமைந்த செய்தியைக் காந்தி அவருக்குக் கடிதத்தில் தெரிவித்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே டால்ஸ்டாய் காலமானார்.

குடியேறியவர்களில் சுமார் நாற்பது இளைஞர்கள், இரண்டு மூன்று முதியவர்கள், ஐந்து பெண்கள், மேலே சொன்ன பிள்ளைகள் ஆகியோர் இருந்தனர். வேலைக்காரர் என்று ஒருவரும் கிடையாது. தகரக் கொட்டகைகள் எழும்பும்வரை கூடாரங்களில்தான் வாழ்க்கை. இத்தனை பிள்ளைகள் ஓரிடத்தில் கூடிவிட்டதால் அவர்களுக்கு ஒரு பள்ளி தேவைப்பட்டது. சம்பளம் கொடுத்து ஆசிரியரை வைக்கப் பணமில்லை. நகரிலிருந்து 21 மைல் தள்ளிக் குறைந்த ஊதியத்துக்கு வந்து தங்க யாரும் முன்வரமாட்டார்கள். ஆகவே காந்தியும் காலன்பாக்கும் ஆசிரியர்களானார்கள். பிராக்ஜி தேசாய் போன்றோர் துணைநின்றனர்.

கைவேலையும் ஊர்வேலையும்

காலைப்பொழுது முழுவதும் வேலை. குழி தோண்டுதல், மரம் வெட்டுதல், பழமரங்களைப் பராமரித்தல், சுமை தூக்குதல், சமையல் ஆகிய எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. குடியிருப்பிலிருந்து ஐந்நூறு கஜ தூரத்தில் இருந்த ஊற்றிலிருந்து காவடி கட்டித் தண்ணீர் சுமக்க வேண்டும். கோதுமையைக் கையால் சுற்றும் இரும்பு இயந்திரத்தில் அரைத்து ரொட்டி சுட்டார்கள். நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்போல் தடவிக்கொண்டார்கள். ஆரஞ்சுப் பழத்திலிருந்து மார்மலேட் செய்தார்கள். ஆண்கள் அணிந்த கால்சட்டையும் சட்டையும் சிறைக்கைதிகளின் உடையைப் பார்த்துத் தடித்த நீலத்துணியில் தைக்கப்பட்டவை.

துப்புரவு வேலையை எவருக்கும் தனியாக ஒதுக்கவில்லை. மலம் குழியில் இடப்பட்டு மண்ணால் மூடப்பட்டது. குப்பையும் அவ்வாறே புதைந்தது. கழிவுநீர் மரங்களுக்குப் போயிற்று. காய்கறிக் கழிவும் மிச்சம் மீதியும் எருவாயின. இத்தனை பேர் வாழ்ந்த இடத்தில் நாற்றமோ ஈயோ இல்லை என்று காந்தி பெருமையுடன் எழுதியிருக்கிறார். துப்புரவுக்கும் கடைச்சாமான் வாங்கிவருவதற்கும் பொறுப்பாக இருந்தவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்த தமிழரான இவர் டிரான்ஸ்வால் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். பலமுறை சிறை சென்ற ஒரு தலைவருக்குத் தரப்பட்ட பொறுப்பு துப்புரவு என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் மண்வெட்டி எடுத்துச் செய்த இந்த வேலைதான் பண்ணைக் கல்வியின் மிகக் கடினமான பாடம்.

தொழிற்கல்வி எளிய முறையில் நடந்தது. நேட்டாலில் மரியன்ஹில் என்ற இடத்தில் டிராப்பிஸ்ட் கத்தோலிக்கத் துறவியரின் மடம் ஒன்று இருந்தது. காலன்பாக் அங்கு சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தியிடம் பிள்ளைகள் கற்றனர். தைத்த செருப்புகளை நண்பர்களுக்கு விற்றார்கள். (பின்னாளில் சிறையில் காந்தி தைத்த ஒரு ஜோடி செருப்பு ஜெனரல் ஸ்மட்ஸிடம் சேர்ந்ததும், 1939இல் அவர் அதைத் திருப்பி அனுப்பியதும் பலரும் அறிந்த செய்தி.) தச்சு வேலைக்கும் ஒரு சிறு வகுப்பு இருந்தது. பண்ணையில் பாம்புத்தொல்லை உண்டு. காலன்பாக் பாம்புகளைப் பற்றிய நூல்களை வாங்கிப் படித்து, எல்லாப் பாம்பும் நஞ்சுடையதல்ல, சில பாம்புகள் பயிரைக் காப்பவை என்று அனைவருக்கும் இனம் காட்டிக் கொடுத்தார். பாடநூல் இல்லாமல் நடந்த நல்ல இயற்கையறிவு வகுப்பு இது.

பள்ளியின் அடிப்படை விதி ஒன்றுதான். ஆசிரியர் செய்யாத எந்த வேலையையும் மாணவரிடம் சொல்லக் கூடாது. எந்த வேலையானாலும் பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் சேர்ந்து செய்தாக வேண்டும்.

வகுப்பறை

எழுத்துக்கல்விக்குக் கிடைத்தது மதிய உணவுக்குப் பிந்தைய சில மணி நேரம் மட்டுமே. அதிகபட்சம் மூன்று பாடவேளைகள். காலையெல்லாம் உழைத்துவிட்டு உண்டு வந்த பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் தூக்கம் வரும். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடம் நடந்தது. ஏழு வயதுச் சிறுவனும் இருபது வயது இளைஞனும் ஒரே வகுப்பில் இருந்தனர்.

தமிழ், குஜராத்தி, இந்தி, உருது ஆகிய மொழிகள் கற்பிக்கப்பட்டன. அவரவர் தாய்மொழி வழியே வரலாறு, புவியியல், கணக்கு ஆகியவற்றின் தொடக்கப் பாடங்களும், கூடவே ஆங்கிலமும் உண்டு. தமிழ் வகுப்பை எடுத்தவர் காந்தியே. கப்பற்பயணத்திலும் சிறையிலும் போப்பின் கையேட்டை வைத்துக் கற்ற தமிழ் அவருடையது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் பிறந்த அந்தத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேச்சு மட்டும் ஓரளவு வருமே தவிர, எழுத்து தெரியாது. எழுத்தையும் இலக்கணத்தின் முதற்படியையும் காந்தி சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலம் அறியாத தமிழர் யாரேனும் பண்ணைக்கு வந்தால் நிலைமை தலைகீழாகும். அப்போது மாணவர்களே ஆசிரியருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். தம் அறியாமையை அவர்களிடம் தாம் ஒருபோதும் மறைக்கவில்லை என்றும், அதனாலேயே அவர்களுடைய அன்பும் மரியாதையும் குறையவில்லை என்றும் காந்தி ‘சத்திய சோதனை’யில் குறிப்பிடுகிறார்.

குறைகள்

இந்தப் பள்ளியைக் குறையற்றதாகக் காட்டினால் வரலாறு ஆகாது. உடல் தண்டனையை எதிர்த்த காந்தி, சொல்லுக்கு அடங்காத சுமார் பதினேழு வயது மாணவர் ஒருவரைப் பொறுமையிழந்து அடிகோலால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் நடுங்கினார். திருப்பி அடிக்கும் வலிமை இருந்தும் அந்த இளைஞர் அழுது மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பின் அவர் ஒழுங்காக நடந்துகொண்டாலும், தாம் செய்தது சரியா என்ற ஐயம் காந்தியை விடவில்லை. வேறொரு சமயம், பையன்களின் குறும்புப் பார்வையைத் தடுக்க இரண்டு பெண்பிள்ளைகளின் நீண்ட கூந்தலைத் தம் கையாலேயே வெட்டினார். குறும்பு ஒருவருடையது, இழப்பு மற்றவருடையது. இதை இன்று எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். இத்தகைய சோதனைகளைப் பிறர் பின்பற்ற வேண்டாம் என்று காந்தியே எச்சரித்துள்ளார்.

ஏட்டுக்கல்வி மெலிந்திருந்தது என்பது பெரிய குறை. அதை வெளிப்படையாகச் சொன்னவர் காந்தியின் மூத்த மகன் ஹரிலால். போராட்டத்தில் பலமுறை சிறை சென்ற அவர், முறையான பள்ளிப்படிப்பு தமக்கு மறுக்கப்பட்டது என்ற மனக்குறையுடன் 1911இல் தந்தையை விட்டு விலகி, படிப்பதற்காக அகமதாபாத் சென்றார். அவருடைய மனக்குறையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. செருப்புத் தைக்கும் வக்கீலுக்கு வக்கீல் படிப்பு ஏற்கெனவே கையில் இருந்தது. மகனுக்கு அப்படி ஏதுமில்லை.

பின்விளைவு

போராட்டம் ஓய்ந்து குடும்பங்கள் திரும்பியபின், எஞ்சியவர்களுடன் 1913 ஜனவரியில் காந்தி நேட்டாலின் பீனிக்ஸ் குடியிருப்புக்குச் சென்றார். பண்ணை கலைந்தது. ஆனால் அங்கு வாழ்ந்த பெண்கள் அதே ஆண்டில் வரலாற்றில் மீண்டும் தென்படுகிறார்கள். கைக்குழந்தைகளுடன் புறப்பட்ட பதினொரு பெண்களில் ஒருவர் தவிர அனைவரும் தமிழர். தம்பி நாயுடுவின் மனைவியும் அவர்களில் ஒருவர். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று மூன்று பவுன் வரியின் கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பெண்கள் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றனர்.

1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியபோது, கைத்தொழில்வழிக் கல்வியைக் காந்தி நாடு முழுமைக்குமான திட்டமாக முன்வைத்தார். சாகிர் உசேன் தலைமையிலான குழுவில் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும், இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் இடம்பெற்றனர்.

தமிழகத்தில் கைத்தொழிலும் கல்வியும் இணைந்த இன்னொரு திட்டம் 1953இல் வந்தது. முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தில், கிராமப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் படிப்பார்கள், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று கூறிக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இரண்டையும் காந்திய வழி என்று ஒன்றாக எழுதுவோர் உண்டு. அது பொருந்தாது. பண்ணையில் எந்தப் பிள்ளையும் தகப்பன் தொழிலைக் கற்கவில்லை. வணிகர் வீட்டுப் பையன் செருப்புத் தைத்தான். எல்லார் வீட்டுப் பையனும் மலக்குழி வெட்டினான். பக்கத்தில் ஆசிரியரும் வெட்டிக்கொண்டிருந்தார்.