தட்டில் தோன்றிய தேன்கூடு

அகலமான தட்டில் நீரை ஊற்றி, அதன்மேல் சிறிது மிளகுத்தூளைத் தூவுங்கள். சோப்பில் தோய்த்த குச்சியால் நடுவில் தொடுங்கள். தூள் ஓரத்தை நோக்கிச் சிதறி ஓடும். சோப்பு அதைத் தள்ளவில்லை. சோப்புப் பட்ட இடத்தில் நீரின் பரப்பு இழுவிசை குறைந்துவிட்டது. சுற்றியுள்ள பரப்பு வலுவாக இழுக்க, தூளும் அதனோடு போகிறது. இத்தகைய ஓட்டங்களை ஆராய்ந்து 1865-இல் எழுதியவர் இத்தாலியரான கார்லோ மாரங்கோனி. அவருக்கும் முன்னரே, 1855-இல், கெல்வின் பிரபுவின் தமையனார் ஜேம்ஸ் தாம்சன் மதுக்கிண்ணத்தின் உட்சுவரில் திரளும் துளிகளுக்கு இதுவே காரணம் என்று கூறியிருந்தார். பெயர் என்னவோ மாரங்கோனிக்குப் போயிற்று!

வெப்பமும் சோப்பின் வேலையைச் செய்யும். ஏனெனில் சூடேறினால் திரவத்தின் பரப்பு இழுவிசை குறையும். இச்சிறு செய்தியைப் போதிய அளவு கருதாததால், ஒரு புகழ்பெற்ற சோதனைக்கு நாற்பது ஆண்டுகள் தவறான காரணம் சொல்லப்பட்டு வந்தது.

1900-இல் பாரிசில் ஹென்றி பெனார் என்ற இளைஞர், திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைக்கும் மெழுகை உருக்கி, சுமார் 1 மி.மீ. தடிப்புள்ள படலமாக ஓர் உலோகத் தட்டின்மேல் பரப்பினார். தட்டைக் கீழிருந்து நீராவியால் சூடாக்கினார். சற்று நேரத்தில் படலம் முழுதும் தேன்கூடு போன்ற அறுகோண அறைகளாகப் பிரிந்தது! ஒவ்வோர் அறையின் நடுவிலும் திரவம் மேலெழுந்து, ஓரங்களில் கீழிறங்கியது.

1916-இல் ராலே பிரபு இதற்குக் கணித விளக்கம் தந்தார். அடியில் சூடான திரவம் இலேசாகி எழுகிறது, மேலே குளிர்ந்தது கனத்து இறங்குகிறது. வெப்பநிலை வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டியதும் ஓட்டம் தொடங்கும் என்றார். அழகான கணக்கு. நோபல் பரிசு பெற்ற மேதை சொன்னது வேறு. யார் மறுப்பார்கள்?

ஆனால் பெனாரின் அளவுகள் மறுத்தன. அவ்வளவு மெல்லிய படலத்தில் ஓட்டம் தொடங்க, ராலேயின் கணக்குப்படி மிகப் பெரிய வெப்பநிலை வேறுபாடு வேண்டும். தட்டில் அது இல்லை. மேலும், திரவம் எழும் இடத்தில் பரப்பு மேடாக அல்லவா இருக்க வேண்டும்? பெனார் கண்டதோ நுண்ணிய பள்ளம்.

1956-இல் பிளாக் என்பவர் திரவப் பரப்பின்மேல் மிக மெல்லிய சிலிகோன் படலத்தைப் பரவவிட்டார். ஓட்டம் நின்றுவிட்டது! இலேசாகி எழுவதே காரணமானால் இந்த மெல்லிய போர்வை அதை எப்படித் தடுக்கும்? 1958-இல் பியர்சன் கணக்கை முடித்தார். பரப்பில் ஓரிடம் தற்செயலாகச் சூடானால் அங்கே இழுவிசை குறையும். சுற்றியுள்ள குளிர்ந்த பரப்பு அதை வெளிப்புறமாக இழுக்கும். காலியான இடத்தை நிரப்பக் கீழிருந்து சூடான திரவம் எழும். ஆகவே அவ்விடம் சூடாகவே இருந்துவிடும். பெயின்ட் உலரும்போதும் இத்தகைய அறைகள் தோன்றுவதுண்டு. பூசிய பக்கம் தரையைப் பார்த்திருந்தாலும் அவை தோன்றுவதைப் பியர்சன் சுட்டிக்காட்டினார். அங்கே குளிர்ந்து கனத்த பகுதி ஏற்கெனவே கீழேதான் இருக்கிறது. மேலும் இறங்குவதற்கு இடமேது?

ராலேயின் கணக்கு பிழையன்று. ஆழமான திரவத்துக்கு அதுவே பொருந்தும். தடிப்பு பாதியானால், பரப்பு இழுவிசையோடு ஒப்பிடுகையில் எடை வேறுபாட்டின் பங்கு கால்வாசியாகிவிடும்.

எடையே ஏறக்குறைய இல்லாத இடத்தில் என்ன ஆகும்? 1971-இல் அப்பல்லோ 14, 1972-இல் அப்பல்லோ 17 விண்கலங்களில் சென்றவர்கள் எண்ணெய்ப் படலத்தைச் சூடாக்கிப் பார்த்தார்கள். மேல், கீழ் என்ற பேதமற்ற அங்கேயும் அறைகள் தோன்றின.