முதலமைச்சர்

மாநில அமைச்சரவைத் தலைவரைக் குறிக்கும் சொல். 'முதல்', 'அமைச்சர்' இரண்டும் சேர்ந்தது. முதல் என்பதற்குத் தொடக்கம், வேர், தலைமை என்று பல பொருள். கோவில்பட்டிக் கரிசலில் பருத்திக்குப் போடும் பணமும் முதல்தான். அமைச்சர் என்பதை 'அமை' என்னும் வினையடியாகக் கொள்வோர் உண்டு; வடமொழி 'அமாத்ய'விலிருந்து வந்ததென்போரும் உண்டு. திருக்குறளில் 'அமைச்சு' ஓர் அதிகாரம்.

1920இல் சென்னை மாகாணத்தில் சுப்பராயலு ரெட்டியார் 'முதல் மந்திரி' ஆனார். 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937இல் ஆட்சியமைத்த இராஜாஜிக்குப் பெயர் 'பிரதமர்'. இன்று மாகாணப் பிரதமர் என்றால் வியப்பாகத்தான் இருக்கும்! 1950 ஜனவரி 26இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததும் சென்னையில் அப்பெயர் மறைந்தது. அப்போது பதவியிலிருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா; பிரதமராக 1949இல் பொறுப்பேற்றவர், நாற்காலி மாறாமலே முதலமைச்சரானார்.

1954இல் அப்பதவிக்கு வந்த விருதுநகர்க் காமராசர், 1957, 1962 தேர்தல்களில் நின்று வென்றது கோவில்பட்டிக்கு வடக்கேயுள்ள சாத்தூரில். வடசொல்லான 'மந்திரி' பின்னர் அரசு வழக்கில் 'அமைச்சர்' ஆனது; ஊர்ப்பேச்சில் இன்னும் மந்திரிதான். சுருக்கமான 'முதல்வர்' கல்லூரித் தலைவருக்கும் வழங்கும்.