திருவக்கரைக் கல்மரங்கள்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றை ஒட்டியுள்ள ஊர் திருவக்கரை. ஊருக்குக் கிழக்கே செம்மண் மேட்டில் சுமார் 200 கல்மரங்கள் கிடக்கின்றன. 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ளவை. திருமால் வதைத்த வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்பது ஊர் வழக்கு. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1782இல் வெளியான தம் பயண நூலில் இவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940இல் இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. இவற்றைத் தாங்கி நிற்கும் கடலூர் மணற்பாறையின் வயது சுமார் 2 கோடி ஆண்டு.

எலும்பென்று கண்டவர்களைக் குறை சொல்ல முடியாது. நீண்டு உருண்டு வெளிறிக் கிடக்கும் கல்லை வேறெதனோடு ஒப்பிடுவது? ஆனால் உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் ஐயம் தீரும். எலும்பின் உள்ளே இருக்கும் கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னல் இதில் இல்லை. மரத்தில் நீர் ஏறிய குழாய்களின் வாய்கள் ஊசி குத்தியதுபோல் தெரிகின்றன. பக்கவாட்டில் நார் ஓட்டமும், கிளை விட்ட இடத்துக் கணுவும் உண்டு. கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாது. கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக அதில் ஒட்டும். அந்தக் கடினம் சிலிக்காவுக்கு உரியது. மணலுக்கடியில் காற்றுப்படாமல் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் ஊற, அந்தச் சிலிக்கா உயிரணு உயிரணுவாக நிரப்பி இறுகியது. ஆகவே ‘மரம் கல்லாக மாறியது’ என்பதைவிட, மரத்தின் வடிவத்தைக் கல் அப்படியே ஏற்றுக்கொண்டது என்பதே சரி. சிவப்பும் மஞ்சளும் உடன் வந்த இரும்பின் நிறங்கள்.

இந்த மரங்கள் இங்கேயே வளர்ந்து சாய்ந்தவை அல்ல. வெள்ளம் கொண்டுவந்து சேர்த்தவை. வேரோடு நிற்கும் அடிமரம் இங்கே கிடையாது. கிளை, பட்டை, இலை எதுவுமின்றி மொட்டைத் தடிகளாகவே எல்லாம் படுத்திருக்கின்றன. விழுந்த இடத்திலேயே கிளையும் பட்டையும் மட்கிப் போயிருக்கலாமே என்று மறுக்கலாம். அப்படியானால் மண்ணுக்குள் இருந்த வேர்களல்லவா முதலில் கல்லாகியிருக்க வேண்டும்? அவை இல்லை என்பதே இந்த மறுப்புக்கு விடை. தடிகளைப் பொதிந்திருக்கும் பருமணலும் கூழாங்கல்லும் விரைந்தோடும் ஆறு இறக்கிய சுமை. பூக்கும் மரங்களோடு ஊசியிலை மர வகையும் கலந்து கிடப்பது தனியே ஒரு சான்றாகாது, கலப்புக் காடுகளும் உண்டே. மற்றவற்றோடு சேரும்போதுதான் அதற்கு வலு. நீரில் வந்த மரம் அழுகியிருக்காதா என்றால், கரை ஒதுங்கி வெயிலில் கிடந்தது அழுகியிருக்கும். அடுத்த வெள்ளத்து மணல் உடனே மூடியது மட்டும் தப்பியது.

மூடிய மணலை விலக்கியதும் நீர்தான். மணற்பாறை மழையில் எளிதில் அரிபட, கல்மரம் அரிபடாமல் மேலே தங்கிவிட்டது. சில தடிகள் ரம்பத்தால் அறுத்ததுபோல் துண்டு துண்டாகக் கிடப்பதால் மனிதர் வெட்டியிருப்பார்களோ என்று தோன்றலாம். சிலிக்கா வளையாது, நொறுங்கும்; அடியிலுள்ள மண் இறங்கும்போது தடி குறுக்கே முறிகிறது. அந்த முறிவு முகத்தில் ரம்பப் பல்லின் தடம் இல்லை. உடைந்த கண்ணாடிக்கு உள்ள கூர்விளிம்புதான் இருக்கிறது.